தரகைத் தவிர்ப்பது அறமா? தில்லிச் சந்தைகளின் வரலாற்றிலிருந்து ஒரு விசாரணை

பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சில காலம், தில்லிக்கு உப்பும் தானியமும் கொண்டுவந்த வணிகர்கள் அந்நகரைத் தவிர்க்கத் தொடங்கினர். அதன் காரணத்தை, ஃபிரோஸ் ஷா துக்ளக்கின் ஆட்சிக்கால வரலாற்றை எழுதிய ஷம்ஸ் சிராஜ் அஃபீஃப் விளக்கமாகவே பதிவு செய்திருக்கிறார். சரக்குடன் வரும் வணிகர்களின் பொதிமாடுகளைச் சுங்க அலுவலர்கள் பிடித்துக்கொள்வார்கள். பழைய தில்லியின் இடிந்த கோட்டைகளிலிருந்து செங்கற்களை ஏற்றிக்கொண்டு, சுல்தான் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஃபிரோஸாபாத்துக்கு அம்மாடுகள் ஒருமுறை சென்றுவர வேண்டும். அந்த ஒரு நடை முடியாமல் எந்த வணிகரும் ஊரைவிட்டு வெளியேற இயலாது. இதற்கு மேலும் ஒரு சுமை இருந்தது. விதிப்படியான வரியைச் செலுத்திய பிறகும் சரக்கை மீண்டும் ஒருமுறை நிறுத்து, டங்காவுக்கு ஒரு தாங்க் வீதம் தனியே வாங்கினார்கள். இதனால் வணிகர்கள் தில்லிக்கு வரத் தயங்கினர். நகரில் உப்பும் தானியமும் விலையேறின. செய்தி சுல்தானின் காதுக்கு எட்டியது. ஹிஜ்ரி 777-இல், அதாவது கி.பி. 1375 அளவில், இவ்வகை வரிகள் நீக்கப்பட்டன என்கிறார் அஃபீஃப்.

அறுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய இந்நிகழ்ச்சியை இப்போது எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. இணையத்தில் ஒரு பொருளை வாங்கிப் பொட்டலத்தைப் பிரித்தால், பொருளோடு ஒரு சிறு அட்டையும் கிடைக்கிறது. “அடுத்த முறை எங்களை நேரடியாக அழையுங்கள், பத்து விழுக்காடு தள்ளுபடி” என்று அதில் அச்சிட்டு, ஒரு கைபேசி எண்ணும் கொடுத்திருப்பார்கள். செயலியில் வண்டி பிடித்தால், “ரத்து செய்துவிடுங்கள், ரொக்கமாகக் கொடுத்தால் போதும்” என்று ஓட்டுநர் கேட்கிறார். பழைய கேமராவை விற்பவர், “தளத்தில் பாதி விலைக்குப் போடுகிறேன், மீதியை யு.பி.ஐ. வழியாக அனுப்பிவிடுங்கள்” என்கிறார். மூவரும் செய்வது ஒன்றே போலத் தோன்றுகிறது: நடுவில் நிற்பவனுக்குச் சேரவேண்டிய கட்டணத்தைத் தவிர்க்கிறார்கள். இது தவறா, தற்காப்பா? சட்டம் என்ன சொல்கிறது என்பதைவிட, இக்கேள்வியை நம் சந்தைகளின் வரலாறு எவ்வாறு எதிர்கொண்டது என்பதே இக்கட்டுரையின் அக்கறை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். சுங்கம் அரசனுக்குரியது; தரகு இடையாளுக்குரியது. ஒன்று வரி, மற்றது கூலி. ஆயினும் சந்தைக்கு வரும் எளிய வணிகனின் கண்ணுக்கு இரண்டும் ஒரே வாயிலில்தான் நிற்கின்றன. இன்றைய இணையத்தளங்களோ இவ்விரு தன்மைகளையும் ஒருங்கே பெற்றிருக்கின்றன. வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்து வைப்பதால் அவை தரகர்கள்; சந்தையின் விதிகளைத் தாமே வகுத்து, மீறியவரைத் தாமே விலக்கி வைப்பதால் அவை சிற்றரசர்கள். எனவே இரு வரலாறுகளையும் சேர்த்தே நாம் படித்தாக வேண்டியிருக்கிறது.

சுங்க ஏய்ப்பு பற்றிய நம் பழைய சட்டச் சிந்தனைகளுள் ஒன்று கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் உள்ளது. அந்நூலின் இரண்டாம் பகுதி சுங்க அதிகாரியின் கடமைகளை வகுக்கிறது. நகரவாயிலுக்கருகே சுங்கச் சாவடி, அதன்மேல் கொடி, சரக்கின் மேல் முத்திரை, வணிகனின் பெயரும் ஊரும் சரக்கின் அளவும் எழுதிய பதிவேடு என எல்லாம் அங்கே இருக்கின்றன. சுங்கத்துக்கு அஞ்சி அளவையோ விலையையோ குறைத்துச் சொன்னால், மிகுதியை அரசு எடுத்துக்கொள்ளும். அல்லது எட்டு மடங்கு சுங்கம் விதிக்கும். முத்திரை இல்லாத சரக்குக்கு இருமடங்கு, போலி முத்திரையிட்ட சரக்குக்கு எட்டு மடங்கு. இங்கே கவனிக்கத்தக்கது அந்த வேறுபாடுதான். முத்திரை இல்லாமை சிறு குற்றம். பொய் முத்திரை பெருங்குற்றம். கட்டணம் செலுத்தாமல் போனதைவிட, செலுத்தியதாகக் காட்டி ஏமாற்றியதையே கௌடில்யர் கடுமையாகக் கருதுகிறார். திருமணத்துக்கும் வேள்விக்கும் கொண்டுசெல்லும் பொருள்களுக்கு விலக்களிக்கிறார். ஆனால் அவ்விலக்கைப் பொய்யாகக் கோருபவனைத் திருடனுக்கு ஒப்பாகத் தண்டிக்கச் சொல்கிறார். பணத்தின் அளவோடு பொய்யின் அளவையும் சேர்த்து நிறுக்கும் தராசு அது.

தில்லிக்குத் திரும்புவோம். தரகர்களையே ஒழித்துவிட்டால் என்ன என்ற கேள்வியை இந்நகரம் ஒருமுறை சோதித்துப் பார்த்திருக்கிறது. சோதித்தவர் 1296 முதல் 1316 வரை ஆண்ட அலாவுத்தீன் கில்ஜி. பெரும்படையைக் குறைந்த ஊதியத்தில் வைத்திருப்பதற்காக அவர் பொருள்களின் விலைகளைக் கட்டுப்படுத்தினார் என்று ஜியாவுத்தீன் பரனி எழுதுகிறார். கோதுமை மணங்கு ஏழரை ஜிதல், வாற்கோதுமை நான்கு, அரிசி ஐந்து என்று விலைகள் நிர்ணயிக்கப்பட்டன. தானிய மண்டிக்குத் தனி அதிகாரி. துணிக்குப் பதாயூன் வாயிலருகே ‘சராய்-இ-அத்ல்’ என்ற தனிச் சந்தை. அப்பெயருக்கு நீதியின் சத்திரம் என்று பொருள். சுல்தான் சிறுவர்களின் கையில் காசு கொடுத்துக் கடைக்கு அனுப்பி, அவர்கள் வாங்கிவந்ததை நிறுத்துப் பார்ப்பாராம். எடை குறைந்திருந்தால் கடைக்காரனின் தொடையிலிருந்து சதை வெட்டப்படும் என்கிறார் பரனி.

குதிரைச் சந்தையில்தான் தரகர் பிரச்சினை முற்றியது. முதல்தரக் குதிரை நூறு முதல் நூற்றிருபது டங்கா என்று விலை குறித்தாயிற்று. ஆனால் எது முதல்தரம், எது இரண்டாம்தரம் என்று யார் சொல்வது? இருபுறமும் தரகு வாங்கிக்கொண்டு விலையை ஏற்றிய குதிரைத் தரகர்கள் பலர் தண்டிக்கப்பட்டனர். சிலர் தொலைதூரக் கோட்டைகளில் அடைக்கப்பட்டனர். ஆயினும் குதிரையின் பல்லையும் குளம்பையும் பார்த்துத் தரம் சொல்லத் தெரிந்தவர்கள் அவர்களே. ஆகவே தலைமைத் தரகர்களைச் சுல்தான் குறித்த இடைவெளிகளில் குதிரைகளோடு தம் முன் வரவழைத்து விசாரித்தார். சாவே மேல் என்று அவர்கள் எண்ணும் அளவுக்கு அவ்விசாரணை கடுமையாயிருந்தது என்று பரனி குறிப்பிடுகிறார். தரகனை வெறுத்த பேரரசனுக்கும் தரகனின் அறிவு தேவைப்பட்டது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

மற்றொரு நுட்பமும் இங்கே உண்டு. விலையுயர்ந்த பட்டுத்துணிகளை வாங்க அனுமதிச்சீட்டு வேண்டும் என்று சுல்தான் ஆணையிட்டார். காரணம், தில்லியின் மலிவு விலையில் வாங்கி வெளியூரில் கொள்ளை இலாபத்துக்கு விற்றுவிடுவார்கள் என்ற அச்சம். கடுங்காவலுக்குள்ளும் சந்தையின் பலனை எடுத்துக்கொண்டு அதன் விதியைத் தவிர்க்கும் வழியை மக்கள் தேடினார்கள் என்பதற்கு இதுவே சான்று. 1316-இல் அலாவுத்தீன் இறந்தார். அவருடைய மகன் குத்புத்தீன் முபாரக் ஷாவின் ஆட்சியில் அவ்வேற்பாடு முழுவதும் சிதைந்தது. தரகு திரும்பிவந்தது. அச்சத்தின் பேரில் நின்ற சந்தை, அச்சுறுத்தியவரோடு முடிந்துபோயிற்று.

ஃபிரோஸ் ஷாவின் காலத்து நிகழ்ச்சி வேறு வகையானது. அங்கே வணிகர்கள் கணக்கில் பொய் எழுதவில்லை, முத்திரையைத் திருத்தவில்லை, வராமல் நின்றுவிட்டார்கள். கட்டணம் நியாயமற்றது என்று கருதியவன் அச்சந்தையின் பலனையும் சேர்த்தே துறந்தான். இது ஏய்ப்பு ஆகாது, விலகல். விலகியவர்களின் மௌனமே விலைவாசியாக உருவெடுத்து அரண்மனையின் கதவைத் தட்டியது. தாம் நீக்கிய வரிகளின் பட்டியலை ‘ஃபுதூஹாத்-இ-ஃபிரோஸ் ஷாஹி’ என்ற சிறு நூலில் சுல்தானே தருகிறார். அப்பட்டியலில் சந்தைத் தரகின் மீதான வரியும் ஒன்று. ஃபிரோஸாபாத்தின் ஜாமி மசூதியில் இந்நூல் கல்லில் பொறிக்கப்பட்டிருந்தது என்று பிற்கால வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். ஃபிரோஸ் ஷா கோட்லாவின் இடிபாடுகளில் அம்மசூதி இன்றும் கூரையின்றி நிற்கிறது, கல்வெட்டு எஞ்சவில்லை.

தமிழ்நாட்டு வரலாற்றில் இதற்கு இணையான புகழ்பெற்ற செய்தி, 1070-இல் அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்ற பட்டம் அமைந்தது. சுங்கத்தைத் தவிர்த்தது அரசன், குடிகள் அல்லர். ‘தவிர்த்தல்’ என்ற அதே சொல், ஆளுகிறவன் செய்தால் அருளாகவும் ஆளப்படுகிறவன் செய்தால் குற்றமாகவும் மாறிவிடுகிறது. அப்பட்டத்தை நாம் பள்ளிப் பாடத்தில் மனப்பாடம் செய்தோமே தவிர, அது எத்தகைய மனக்குறைக்கு விடையாக எழுந்திருக்கும் என்று அதிகம் சிந்தித்ததில்லை. வணிகர்கள் வாழ்த்தி நினைவில் வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சுங்கம் ஒரு சுமையாக இருந்திருக்க வேண்டும்.

ஆனால் நம் வணிகர்கள் எல்லாக் கட்டணங்களையும் வெறுத்தவர்கள் அல்லர். சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைக் கல்வெட்டு இதற்குச் சான்று. பல ஊர் வணிகர்கள் ஒன்றுகூடி, தாங்கள் கையாளும் சரக்குகளுக்கு இன்ன பொதிக்கு இவ்வளவு என்று தாமே வகுத்துக் கோயிலுக்கு அளிக்க உடன்பட்டதை அது பட்டியலிடுகிறது. அரசன் கேட்கவில்லை, வணிகர் குழுவே தன்மேல் விதித்துக்கொண்டது. பிற்காலத்தில் இதே மரபு ‘மகமை’ என்ற பெயரில் தொடர்ந்தது. விருதுநகர், சிவகாசி முதலிய ஊர்களில் நாடார் வணிகர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை செலுத்தினார்கள். அப்பணத்தில் பள்ளிகள் எழுந்தன. மகமையிலிருந்து நழுவுவது வெட்கத்துக்குரியதாயிற்று; ஏனெனில் பணம் போன இடம் எல்லார் கண்ணிலும் பட்டது; எவ்வளவு என்று தீர்மானித்த கூட்டத்தில் செலுத்துகிறவனும் உட்கார்ந்திருந்தான்.

மாட்டுச் சந்தையின் வழக்கத்தையும் இங்கே நினைவுகூரலாம். தரகர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கைகளின் மேல் போட்டுக்கொண்டு, துண்டுக்குள் விரல்களைப் பிடித்து விலை பேசுவார். வாங்குபவரின் தொகை விற்பவருக்குத் தெரியாது. விற்பவரின் தொகை வாங்குபவருக்குத் தெரியாது. இடைவெளியில் தரகர் எவ்வளவு எடுத்துக்கொண்டார் என்பது துண்டுக்கு மட்டுமே தெரியும். ஆனால் அதே தரகர் மாட்டின் சுழியையும் பல்லையும் அறிந்தவர். பின்னால் தகராறு வந்தால் நடுவில் நின்று பேசுபவரும் அவரே. அவரை வைத்து மாட்டைக் காட்டச் செய்து, விலையையும் ஒட்டச் செய்துவிட்டு, ‘ஒத்துவரவில்லை’ என்று சந்தையில் பிரிந்து, ஊர் எல்லையில் இருவரும் மீண்டும் கூடிக் கயிறு மாற்றிக்கொண்டால் அது என்ன? தரகர் துண்டுக்குள் ஒளித்தார் என்பதற்காக, நாம் ஊர் எல்லையில் ஒளிப்பது நேர்மையாகிவிடுமா?

இவ்விரு ஒளிவுகளும் எதிரெதிரே நிற்கும் இடமே இன்றைய இணையச் சந்தை. அதன் வழக்குகளும் பெரும்பாலும் தில்லியிலேயே வந்து சேர்கின்றன. இந்தியப் போட்டி ஆணையம் இங்கேதான் இயங்குகிறது.

2019 ஆகஸ்டில், தில்லியை அடுத்த குருகிராமில் தொடங்கி, நூற்றுக்கணக்கான உணவகங்கள் தள்ளுபடித் திட்டங்களை நடத்திய செயலிகளிலிருந்து வெளியேறின. இந்திய தேசிய உணவகங்கள் சங்கம் முன்னெடுத்த அவ்வியக்கத்தின் பெயரே ‘லாக்அவுட்’. பின்னர் அதே சங்கம் அளித்த முறையீட்டின் பேரில், சொமாட்டோ, ஸ்விகி ஆகிய இரண்டின் மீதும் விசாரணைக்கு 2022 ஏப்ரலில் ஆணையம் உத்தரவிட்டது. முறையீட்டில் இடம்பெற்ற குறைகளுள் கமிஷன் அளவு ஒன்று. வாடிக்கையாளர் யார் என்ற விவரமே உணவகத்துக்குத் தரப்படுவதில்லை என்பது மற்றொன்று. தன் சொந்தக் கடையிலோ வேறு தளத்திலோ குறைந்த விலைக்கு விற்கக் கூடாது என்ற விலைச் சமநிலை நிபந்தனையும் விசாரணைக்கு வந்தது. இந்நிபந்தனையின் பொருளைச் சற்றே எண்ணிப்பாருங்கள். செயலியைத் தொடாமல், கடைக்கே நடந்துசென்று தோசை வாங்குபவரும் அச்செயலியின் கமிஷன் அடங்கிய விலையையே கொடுக்க நேர்கிறது. சந்தைக்கு வராதவனிடமும் சாவடிப் பணம் வாங்கும் ஏற்பாடு இது. ஃபிரோஸ் ஷா காலத்து வணிகனுக்காவது தில்லியைச் சுற்றிக்கொண்டு போக வழி இருந்தது.

2020 ஜனவரியில், தில்லி வியாபார் மகாசங்கம் என்ற சிறுவணிகர் அமைப்பின் புகாரின் பேரில் அமேசான், ஃபிளிப்கார்ட் ஆகியவற்றின் மீது ஆணையம் விசாரணைக்கு ஆணையிட்டது. சில விற்பனையாளர்களுக்கு மட்டும் முன்னுரிமை தரப்படுகிறது என்பது புகாரின் சாரம். நிறுவனங்கள் கர்நாடக உயர் நீதிமன்றத்தையும் உச்ச நீதிமன்றத்தையும் நாடின. 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் விசாரணையைத் தடுக்க மறுத்துவிட்டது.

மூன்றாவது வழக்கு, கட்டணத் தவிர்ப்பின் மையத்தையே தொடுகிறது. கூகுள் பிளே கடையில் செயலியை வைத்திருப்போர், செயலிக்குள் நடக்கும் விற்பனைக்குக் கூகுளின் கட்டண முறையையே பயன்படுத்த வேண்டியிருந்தது. 15 முதல் 30 விழுக்காடு வரை கட்டணம். இதைவிட மலிவாக வெளியே பணம் செலுத்தலாம் என்று பயனருக்குத் தெரிவிப்பதற்கும் தடை இருந்தது. 2022 அக்டோபர் 25 அன்று போட்டி ஆணையம் இதனை ஆதிக்க நிலையின் தவறான பயன்பாடு என்று கூறி 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை 216.69 கோடியாகக் குறைத்தது. இடைப்பட்ட காலத்தில் வேறு கட்டண முறைக்கு வழி திறந்தபோதும், அதைத் தேர்ந்தால் கூகுளின் கட்டணத்தில் குறைந்தது நான்கு விழுக்காட்டுப் புள்ளிகள் மட்டுமே. 30 கொடுத்தவர் 26 கொடுக்க வேண்டியிருந்தது. 15 கொடுத்தவர் 11. வேறு வாயிலில் சென்றாலும் பழைய வாயிற்காவலனுக்குக் காணிக்கை நிற்கவில்லை. 2024 மார்ச் 1 அன்று, கட்டணத் தகராற்றின் விளைவாகச் சென்னையைச் சேர்ந்த பாரத் மேட்ரிமோனி உட்படச் சில இந்திய நிறுவனங்களின் செயலிகள் பிளே கடையிலிருந்து நீக்கப்பட்டன. மத்திய அமைச்சர் தலையிட்ட பின் சில நாட்களில் திரும்பின. நிறுவனங்கள் கூறியது: இது சுங்கம். கூகுள் கூறியது: நாங்கள் கட்டிய சந்தைக்கும் காவலுக்கும் உரிய கூலி இது. இரண்டிலும் ஓரளவு உண்மை இருப்பதே சிக்கல்.

இனி முதலில் குறிப்பிட்ட மூவரிடம் திரும்பலாம். வரலாறு நமக்குத் தரும் அளவுகோல்கள் மூன்று என்று கருதுகிறேன். இந்தக் கொடுக்கல் வாங்கலுக்காக இடையாள் வேலை செய்தாரா? கட்டணத்தைத் தவிர்ப்பதால் மூன்றாமவர் ஒருவர் நட்டமடைகிறாரா? தவிர்ப்பதற்குப் பொய் தேவைப்படுகிறதா?

கேமரா விற்பவர் மூன்றிலும் தோற்கிறார். தளம் வாங்குபவரைக் கொண்டுவந்து சேர்த்தது. அவர் பதிவேட்டில் பாதி விலையை எழுதுகிறார். இது கௌடில்யர் எட்டு மடங்கு விதித்த அதே குறை மதிப்பீடு. பொருள் பழுதாக வந்தால் பாதித் தொகைக்கே ஆதாரம் இருக்கும். மீதிப் பாதிக்கு வாங்கியவர் யாரிடம் போவார்? நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் 2020 ஜூலையில் அறிவிக்கப்பட்டு, தளங்கள் குறைதீர் அலுவலரை நியமிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கின. தளத்துக்கு வெளியே போன பணத்துக்கு அந்த அலுவலர் பொறுப்பல்லர். சேமித்த கமிஷனை அவர் வாங்கியவரின் காப்புரிமையிலிருந்தே எடுத்திருக்கிறார். விற்பவர் பதிவு பெற்ற வணிகராயிருந்தால் அரசு நான்காம் தரப்பாகச் சேர்ந்துகொள்கிறது. தளங்கள் தம் வழியே நடக்கும் விற்பனைக்கு ஜி.எஸ்.டி.யின் ஒரு சிறு பகுதியை மூலத்திலேயே பிடித்துச் செலுத்துவது மறைந்த விலையையும் வெளிக்கொணரத்தான்.

ஓட்டுநரின் நிலை வேறு. அவருடைய மனக்குறை உண்மையானது. வெயிலில் நின்றவருக்கு அதைக் கேட்கவும் ஆளில்லை. ஆயினும் பயணியை அவரிடம் சேர்த்தது செயலிதான். ரத்து செய்த பயணத்துக்குப் பதிவு இல்லை. வழியில் ஏதேனும் நேர்ந்தால் தேடுவதற்குத் தடம் இல்லை. அந்த இடரைச் சுமப்பவர் பயணி. எனவே இதையும் நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் விலகல் என்ற பழைய வழி இங்கும் பயன் தந்திருக்கிறது. 2022-இல் பெங்களூரில் தொடங்கிய நம்ம யாத்ரி, பயணத்துக்குக் கமிஷன் எடுக்காமல் ஓட்டுநரிடம் ஒரு சிறு நிலைக்கட்டணம் வாங்கும் முறையைக் கொண்டுவந்தது. ஆட்டோ ஓட்டுநர்கள் அங்கே திரளத் தொடங்கியபின், பெரிய நிறுவனங்களும் ஆட்டோக்களுக்கு அதே முறைக்கு மாறின. பயணத்துக்குப் பயணம் ரத்து செய்து ஏய்த்தவர்களால் நிகழாத மாற்றம், வெளிப்படையாக வேறு சந்தைக்குச் சென்றவர்களால் நிகழ்ந்தது.

பொட்டலத்து அட்டைதான் உண்மையில் கடினமானது. பெரும்பாலான தளங்கள் இதனை ஒப்பந்தத்திலேயே தடை செய்கின்றன. முதல் விற்பனைக்குரிய கமிஷன் செலுத்தப்பட்டுவிட்டது. இரண்டாம் முறை வாங்குபவர், அந்தத் தறிக்காரரின் புடவை நன்றாயிருந்ததால் வருகிறார். அந்நம்பிக்கையைச் சம்பாதித்தது தறி, தளம் அன்று. ஒருமுறை அறிமுகம் செய்துவைத்தவர் ஆயுள்முழுவதும் அவ்வுறவுக்கு உரிமை கொண்டாட முடியுமா? திருமணத் தரகர்கூட ஒருமுறைதான் தரகு வாங்குகிறார். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவருக்கு அதை மதிக்கும் கடமை உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் வேறு சந்தையே இல்லாத இடத்தில் இட்ட கையெழுத்தின் அறவலிமை சிறிது. பேசக் கூடாது என்ற தடையின் அறவலிமை அதனினும் சிறிது. வாடிக்கையாளர் தாமாகத் தேடிவந்தால் நேரடியாக விற்பதில் குற்றம் காண எனக்கு நியாயம் தெரியவில்லை. முதல் விற்பனையையே தளத்திலிருந்து திருப்பிவிடுவது மட்டும் ஊர் எல்லையில் கயிறு மாற்றுவதற்கு ஒப்பாகும்.

கட்டணமே இல்லாத பொதுச்சந்தை ஒன்றை அமைத்துவிட்டால் இச்சிக்கல் தீரும் என்று எண்ணுவோர் உண்டு. 2021 டிசம்பர் 31 அன்று பதிவு செய்யப்பட்ட ஓ.என்.டி.சி. என்ற திறந்த வலையமைப்பு அந்நோக்கில் பிறந்ததே. 2022 ஏப்ரலில் அது சோதனையோட்டம் தொடங்கிய ஐந்து நகரங்களில் தில்லியும் கோயம்புத்தூரும் இருந்தன. ‘சுங்கம்’ என்ற பெயரில் ஒரு பகுதியையே இன்றும் வைத்திருக்கும் கோயம்புத்தூருக்கு இது பொருத்தமான நிகழ்ச்சிதான். ஆனால் இலவசச் சந்தைக்கும் செலவு உண்டு. 2020 ஜனவரி முதல் யு.பி.ஐ. பணப்பரிமாற்றத்துக்கு வணிகரிடம் கட்டணம் வாங்குவதில்லை. அதனால் செலவு மறைந்துவிடவில்லை. அதில் ஒரு பகுதியை அரசு ஊக்கத்தொகையாக ஈடுசெய்கிறது. 2024–25-ஆம் ஆண்டுக்கு மட்டும் அதற்காக சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நாம் தேநீர்க் கடையில் செலுத்தாத தரகை வரியாகச் செலுத்துகிறோம். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. மகமையைப் போல இதுவும் ஒரு பொதுச்செலவே. ஆனால் பொதுச்செலவு என்று தெரிந்துகொண்டு ஏற்பதே முறை.

ஏழு நூற்றாண்டுகளின் இவ்வரலாற்றில் ஓர் ஒழுங்கு தென்படுகிறது. அலாவுத்தீன் தரகை அச்சத்தால் ஒழிக்க முயன்றார்; அது மறைந்து, மீண்டது. ஃபிரோஸ் ஷாவின் அலுவலர்கள் வேலை செய்யாமலே கட்டணம் கேட்டார்கள். வணிகர்கள் நேர்மையாக விலகினார்கள், அரசு இறங்கிவந்தது. பிரான்மலையிலும் விருதுநகரிலும் வணிகர்கள் தாமே கூடிக் கட்டணம் வகுத்தார்கள்; அதை ஏய்க்க வெட்கப்பட்டார்கள். கட்டணத்தை நிர்ணயிக்கும் கூட்டத்தில் செலுத்துகிறவனுக்கு ஓர் இருக்கை கிடைத்த இடத்திலெல்லாம் ஏய்ப்பு குறைந்திருக்கிறது. இன்றைய தளங்கள் எவையும் அந்த இருக்கையைத் தரவில்லை. கமிஷன் மாறுகிறது என்ற மின்னஞ்சல் மட்டும் வருகிறது.

ஆகவே ஏய்ப்பவரை நோக்கி விரல் நீட்டும் உரிமை, துண்டை விலக்கிக் காட்டத் துணிந்த தரகருக்கே உண்டு. அதேபோல, துண்டை விலக்கு என்று கேட்கும் உரிமையும் பொய்க்கணக்கு எழுதாத வணிகருக்கே முழுமையாக உண்டு. கரோல் பாக்கில் கைபேசி உதிரிபாகம் விற்பவரும், காஞ்சிபுரத்திலிருந்து புடவை அனுப்புபவரும், அவர்களிடம் வாங்கும் நாமும் பேசவேண்டியது எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்பதை அன்று; அந்தக் கட்டணம் எந்த வேலைக்கு, யார் வகுத்தது, எங்கே போகிறது என்பதை. இக்கேள்விகளைச் சந்தையில் நின்று உரக்கக் கேட்பது, ஊர் எல்லைக்குச் சென்று கயிறு மாற்றுவதைவிடக் கடினமானது. ஃபிரோஸாபாத்தின் செங்கல் நடை நின்றது அந்தக் கடினமான வழியில்தான்.